எங்கள் பால்வாடிகளுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளுக்குப் பொறுப்பான அமைச்சர், செயலர், இயக்குநர், மாவட்ட அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் 30 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து 2024-இல் ஓய்வு பெற்றவள். காவிரிப் பாசனத்தில் ஒரு சிற்றூர். எங்கள் ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை. பால்வாடிதான். நான் பால்வாடி டீச்சர், என்னோடு வேலை பார்த்த உதவியாளர் ஆயா. இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மையத்துக்கும் இன்னும் ஓர் ஆளைக் கொடுங்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளோடு இருப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அந்த ஆளுக்கு இருக்கக் கூடாது. ஏன் கேட்கிறேன் என்பதைச் சற்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். பொறுத்துப் படியுங்கள்.

ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் மூன்றரை வயதில் எங்களிடம் வந்தான். இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக உட்கார்ந்துகொள்வான். பாட்டுச் சொன்னால் பார்ப்பான், கூடப் பாட மாட்டான். ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "புள்ள கொஞ்சம் மந்தம் டீச்சர்" என்று அவன் அம்மாவே என்னிடம் தலை குனிந்தபடி சொன்னார். நானும் அவனை மெதுவாகக் கற்கும் பிள்ளை என்றே மனதில் எழுதி வைத்துவிட்டேன்.

ஆயாதான் கண்டுபிடித்தார். வெளியே ஆடு கத்தினால் மட்டும் அவன் தலை நிமிர்வதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் அவன் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஒங்க வீட்ல எத்தன ஆடுடா தங்கம்?" என்றார். எத்தனை என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் பெயர் சொல்ல ஆரம்பித்தான். கருப்பி, செவலை, நொண்டி, மொட்டைவாலு, சின்னக்குட்டி... பதினோரு பெயர் வந்தது. இரண்டு மாதம் பேசாத வாய். "சாயங்காலம் பட்டிக்கு வரும்போது நீ எண்ணிப் பாப்பியா?" என்று ஆயா கேட்டார். "எண்ண மாட்டேன். எது வரலன்னு தெரியும்" என்றான்.

மறுநாளிலிருந்து வருகை எடுக்கும் வேலையை அவனிடம் விட்டேன். "இன்னிக்கு யாரு வரல?" என்று கேட்பேன். எழுந்து நின்று ஒரு சுற்றுப் பார்ப்பான். வராத பிள்ளைகளின் பெயரைத் தப்பில்லாமல் சொல்வான். சில நாளில் காரணமும் சேர்த்துச் சொன்னான், இவன் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறான், அவளுக்குக் காய்ச்சல் என்று. வராதவர்களுக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை எடுத்து வைக்கச் சொன்னேன். அந்தக் கொட்டைகளில்தான் அவன் எண்ணக் கற்றான். பொங்கலுக்குள் இருபது வரை வந்துவிட்டான்.

ஆயாவுக்கு அன்று அந்தக் கால்மணி நேரம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? ஊர்க் கோயிலில் அன்னதானம். பிள்ளைகளுக்கும் அங்கேயே இலை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அன்று ஆயா உலை வைக்கவில்லை. அன்னதானம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையனை நாங்கள் கண்டுகொண்டிருப்போமா என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் ஒரு மையத்தில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறோம். நடைமுறையில் ஒருவர் அடுப்படியில், ஒருவர் பதிவேட்டில். ஆயா அரிசி களைந்து, காய் நறுக்கி, முட்டை அவித்து, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, பரிமாறி, பாத்திரம் தேய்த்து முடிக்கும்போது வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும். பணியாளரின் கையில் ஆறு சேவைகள். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்தையும் சுகாதாரத்தையும் பற்றிச் சொல்வது, கடைசியாக முன்பருவக் கல்வி. கடைசி என்று நான் வரிசைக்காகச் சொல்லவில்லை. ஒரு நாளில் எது விட்டுப்போனால் யாரும் கேட்க மாட்டார்களோ, அது கடைசிக்குத் தள்ளப்படும். எடை போடாவிட்டால் கேள்வி வரும். சத்துமாவுக் கணக்கு உதைத்தால் விளக்கம் கேட்பார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லவில்லை என்று என்னிடம் 30 ஆண்டில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை வரும். இப்போது கைப்பேசியில் பதிவு வேறு. சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைக் கேமராவில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊர்களில் என் பழைய தோழிகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடப்பதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். குறு மையங்களில் உதவியாளரும் கிடையாது. சமையலும் கணக்கும் பிள்ளைகளும் ஒரே பெண்ணின் தலையில்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதக் கடைசி. அறிக்கை மதியத்துக்குள் போக வேண்டும். நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி களிமண்ணில் ஏதோ செய்து கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். "இரு கண்ணு, அப்புறம்" என்றேன். போய்விட்டு மறுபடி வந்தாள். மறுபடியும் அப்புறம். மூன்றாம் முறை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்து தேடியபோது அந்தக் களிமண் கதவுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அவள் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. அறிக்கை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வயதுப் பிள்ளை பாடத்தை முதலில் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறது. இந்த ஆள் நான் அழுதால் வருவாளா, நான் காட்டினால் பார்ப்பாளா, நேற்று நான் சொன்னது இன்று அவளுக்கு நினைவிருக்கிறதா? இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் அது கையை நீட்டி மணலைத் தொடுகிறது. ஜூன் மாதம் புதிதாக வரும் பிள்ளைகள் எட்டு நாள், பத்து நாள் அழுவார்கள். ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை பின்னாலேயே போவார்கள். அழுகை நின்றதும் பாடம் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரை அந்த முந்தானையைப் பிடித்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

இது ஓய்வு பெற்ற ஒரு டீச்சரின் பாசப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில செய்திகளைப் படித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

2003-இல் பாட்ரிசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். வேறு சிலருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவை கற்கவே இல்லை. அங்கன்வாடிகளுக்குப் பெரிய எல்இடி திரை வைப்பது இப்போது தேசிய அளவில் திட்டமாகியிருக்கிறது. திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் யானை ஓடும்போது "எங்க ஊருக்கும் ஆனை வந்துச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், நிறுத்திவிட்டு "எப்ப வந்துச்சு, யாரு மேல ஒக்காந்திருந்தா?" என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சும் காசில் திரை வாங்குங்கள்.

1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி என்ற பள்ளியில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு முன்பருவக் கல்வி, மற்றவர்களுக்கு இல்லை. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பிலும் வருமானத்திலும் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள், குற்ற வழக்குகளும் குறைவு. இதைப் பலர் மேடையில் சொல்கிறார்கள். அங்கே ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வீடு பார்க்கும் வேலை எங்களுக்கும் உண்டு. ஆனால் நாங்கள் திண்ணையில் உட்கார நேரமின்றி நின்றபடியே விவரம் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை பார்க்கும் கூடுதல் பணியாளர் ஒருவர் தரப்பட்டார். மற்ற மையங்கள் பழையபடியே இயங்கின. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கிடைத்த நேரம் இரு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த செய்திதான். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். புதிய ஆள் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால் பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் நேரம் கிடைத்துவிட்டது. ஆகும் செலவைப்போலப் பல மடங்கு பயன் திரும்பி வரும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது நம் மண்ணில், நம் துறையின் மையங்களில், நம் பிள்ளைகளிடம் கண்ட உண்மை. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் இன்னும் காத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

2025-இல் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு முடிவெடுத்ததை அறிவேன். மகிழ்ந்தேன். ஆனால் அவை காலியாகக் கிடந்த இடங்கள். ஒரு பணியாளர் இரண்டு, மூன்று மையங்களைச் சேர்த்துப் பார்த்த கொடுமை அதனால் தீரும். நான் கேட்பது அதற்கு மேல் ஓர் ஆள். 2013-இல் வந்த தேசியக் கொள்கையே மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றும், அதற்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் என்றும் சொல்கிறது. அந்த ஒருவர் என்பவர் கையில் கரண்டியோ பதிவேடோ இல்லாத ஒருவராக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு வரி சேர்த்தால் போதும், கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பால்வாடி என்ற பெயரை எங்கள் ஊர்க்காரர்கள் பால் கொடுக்கும் இடம் என்று நினைத்திருந்தார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் நினைத்தேன். அது பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள்படும் வடநாட்டுச் சொல். தாராபாய் மோடக் என்ற அம்மையார் மராத்திய மண்ணில் போர்டி என்ற ஊரில் 1945-இல் முன்பருவக் கல்வி வேலையைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியை அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே கொண்டுபோனார். முற்றத்துக்கு மராத்தியில் அங்கண் என்று பெயர். அங்கன்வாடி வந்தது அந்த முற்றத்திலிருந்துதான். பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போ, அதற்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கு என்பது நம் பெயரிலேயே இருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் இந்த அங்கன்வாடித் திட்டத்தை நாடு தொடங்கியதற்குப் பின்னால் 1972-இல் வந்த ஓர் அறிக்கை உண்டு. அதை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிய மீனா சுவாமிநாதன் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்தவர். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி தொடங்கி, உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த அம்மா பார்த்தால் அழுவார்.

வீட்டுப்பாடம் என்றதும் பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளை நினைவுக்கு வருகிறான். வயது மூன்றரை. ஒரு தனியார் நர்சரியில் எல்கேஜி. நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சின்ன 'ஏ' எழுத வேண்டும். இரவு எட்டரைக்கு அவன் அழும் குரல் சுவர் தாண்டிக் கேட்கும். பென்சில் பிடித்துப் பிடித்து நடுவிரல் ஓரம் சிவந்துவிட்டது. அந்த வயதில் மணிக்கட்டு எலும்பும் கைத் தசையும் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதற்கு மாவு பிசையவும் மணல் அள்ளவும் முறுக்கிப் பிழியவும்தான் வேலை கொடுக்க வேண்டும். சில காலையில் வேன் சத்தம் கேட்டதும் வாந்தி எடுக்கிறான். அவன் அம்மா நல்ல பெண். கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கட்டணம் கட்டுகிறாள். "பால்வாடியில சும்மா வெளையாட விடுவாங்கத்த" என்றாள் என்னிடம். நான் 30 ஆண்டு செய்த வேலையை அவள் ஒரே சொல்லில் சும்மா என்று சொன்னது எனக்கு வலித்தது. அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அவள் பார்த்த பால்வாடியில் பிள்ளைகள் உண்மையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார், ஆயா சமைத்துக்கொண்டிருந்தார்.

2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-இல் அவற்றை மூடுவதாகச் செய்தி வந்ததும் பெற்றோர்கள் கொதித்தார்கள். சில நாளில் தொடரும் என்று அரசு அறிவித்தது. அந்தக் கொதிப்பை நீங்கள் சரியாகப் படிக்க வேண்டும். தங்கள் பிள்ளைக்கு என்று ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் விட மறுத்தார்கள். எல்கேஜி என்ற பெயரைவிட அந்த நம்பிக்கைதான் அவர்களுக்குப் பெரிது என்பது என் எண்ணம். ஒவ்வொரு பால்வாடியிலும் அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண் நான்கு கோடு நோட்டுக்குக் காசு கட்டப் போயிருக்க மாட்டாள்.

பாடத்திட்டம் இல்லை என்று நான் குறை சொல்லவே இல்லை. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' நல்ல திட்டம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், மணல், தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தண்ணீர் விளையாட்டுக்குத் தொட்டியை நிரப்பி, இருபது பிள்ளைகளின் சட்டை நனையாமல் பார்த்து, ஈரத்தில் யாரும் வழுக்காமல் காத்து, எது மிதக்கிறது எது மூழ்குகிறது என்று ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்க வேண்டும். அதே நேரம் வாசலில் சத்துமாவுக்காக ஒரு தாய் நிற்கிறாள், தடுப்பூசிக்கு நர்ஸ் வந்துவிட்டார். தண்ணீர் விளையாட்டு எத்தனை மாதம் நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதே ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும். பிள்ளைகள் வீட்டில் பேசும் பேச்சு அவருக்குத் தெரிய வேண்டும். மலையூரில் என்றால் அந்த மலையின் பேச்சு. பிள்ளை "பொக்குன்னு போச்சு" என்றால் என்ன போனது என்று புரிய வேண்டும். ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். ஜூனில் பிடித்த முந்தானை ஏப்ரல் வரை இருக்கட்டும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எதற்கும் அவரை அழைக்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்றே மாதத்தில் அவர் கையிலும் ஒரு பதிவேடு வந்துவிடும், எனக்குத் தெரியும். கௌரவமான ஊதியமும் கொடுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு ஆள் எடுத்துவிட்டு, அந்தப் பெண் வேறு வேலை தேடிப் போனதும் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து அழ வேண்டாம்.

புதுப் பிள்ளை வரும் முதல் வாரத்தில் தாயோ பாட்டியோ கூடவே உட்கார அனுமதிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குச் செலவே இல்லை. வாசலில் பிய்த்து எடுத்துக் கதவைச் சாத்தும் வழக்கத்தை நானும் பல ஆண்டு செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

நிதி எங்கே என்று கேட்பீர்கள். மாநிலத்தில் மையங்கள் ஐம்பத்து நான்காயிரத்துக்கு மேல், ஒரே ஆண்டில் முடியாது என்பது எனக்கும் புரிகிறது. 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் காசு எங்கே என்றுதான் கேட்டார்கள். தொடங்கினோம், பிள்ளைகள் சாப்பிட்டார்கள், பிறகு நாடே நம்மைப் பார்த்துக் கற்றது. முதல் ஆண்டில் பிள்ளைகள் அதிகமாக வரும் மையங்களுக்கும், ஒற்றைப் பணியாளர் மட்டும் இருக்கும் மையங்களுக்கும் கொடுங்கள். மற்றவற்றுக்கு எந்த ஆண்டு என்பதை அப்போதே அறிவித்துவிடுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள். எந்த மையமானாலும் சரி. சொல்லிவிட்டு வராதீர்கள், கூட வண்டிகளும் மாலையும் வேண்டாம். பிள்ளைகளிடம் ஏ பி சி டி சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள், உன் பேர் என்ன என்றுகூட முதலில் கேட்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை கையில் எதையோ வைத்துக்கொண்டு உங்கள் பக்கம் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் டீச்சரும் ஆயாவும் எங்கே இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். பத்தரை மணிக்கு வந்தால் நல்லது. அப்போதுதான் உலை கொதிக்கும் நேரம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓய்வு பெற்ற ஓர் அங்கன்வாடிப் பணியாளர்